பொந்து

தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவனுக்கு மரத்தின் விலையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். தென்காசிப் பக்கம் என் தந்தை ஒரு சிறிய மரம் அறுக்கும் மில் வைத்திருந்தார். கல்லூரிச் சம்பளம் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வருமானத்தில்தான்; விறகும் அங்கிருந்தே வந்தது.

உருண்டை மரத்தை அளக்கும் முறை எளியது. தடியின் நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றளவு காண வேண்டும். அதில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை நீளத்தால் பெருக்கினால் கன அடி கிடைக்கும். 1736இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் இக்கணக்கை வாய்பாடாக அச்சிட்டார். ஆங்கிலேயர் போன பிறகும் அவருடைய கணக்கு நம் மரவாடிகளில் தங்கிவிட்டது.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் இம்முறையில் ஒரு கள்ளம் இருப்பதைக் 'கண்டுபிடித்தேன்'. வட்டத்தின் உண்மையான பரப்பில் ஏறத்தாழ 78.5 விழுக்காடுதான் இக்கணக்கில் வருகிறது. நூறு கன அடி மரம் உள்ளவனுக்கு எழுபத்தெட்டரைக்குத்தான் பணம். அப்பாவிடம் சண்டைக்கே போனேன். அவர் பதில் பேசாமல் அறுவை நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். பட்டை, நான்கு புறமும் கழியும் வளைந்த புறப்பலகை, வாள் ஓடும் ஒவ்வொரு முறையும் தூளாய்க் கொட்டும் மரம். "இதுக்கெல்லாம் எவன்ல துட்டு தருவான்?" என்றார். கழிவு, வாங்குகிறவனும் விற்கிறவனும் அறிந்த கழிவு. அதில் கள்ளம் இல்லை.

அளவு தெரிந்துவிட்டால் விலை தெரிந்துவிட்டதாகாது. நிலைக்கால் ஏழடி வேண்டுமென்றால் ஆறரை அடித் தடி எவ்வளவு பருத்திருந்தும் பயனில்லை. முடிச்சு, வெடிப்பு, முறுக்கு பார்க்க வேண்டும். சாலையோர மரமானால் உள்ளே புதைந்த ஆணி வாளை முறித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சேகு எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தொல்காப்பிய மரபியல் உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் அக்கணக்கில் புல். வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. அப்பா தினமும் செய்துகொண்டிருந்த வேலை அது.

1999 கோடை விடுமுறையில் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். மில்லை நான் பார்த்துக்கொண்டேன். பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி வேப்பந்தடி ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பேத்தியின் படிப்புச் செலவுக்காக வெட்டிய மரம். நடுச்சுற்று 60 அங்குலம், நீளம் 8 அடி. கணக்குப்படி பன்னிரண்டரை கன அடி. பக்கவாட்டில் பழைய கிளை ஒடிந்த இடத்தில் கருமையாய் ஒரு வடு இருந்தது. முதிர்ந்த வேம்பில் அவ்வழியாக நீர் இறங்கி நடுவில் பொந்து விழுவதுண்டு. கோடாரியின் பின்புறத்தால் வடுவைச் சுற்றித் தட்டினேன். கணீரென்று கேட்டது.

"உள்ளே பொந்து இருக்கும் போல ஆச்சி. நாலு கன அடி கழிக்கணும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அப்பா எழுந்து வந்ததும் நல்ல லாபத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை. ஆச்சி தடியைத் தடவிப் பார்த்தார். "நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று எட்டரை கன அடிக்குப் பணம் வாங்கிக்கொண்டு போனார்.

மறுவாரம் தடியை அறுத்தோம். முனை முதல் முனைவரை செஞ்சேகு. அப்பா கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தட்டிப் பாத்தியால?"

"பாத்தேன்."

"என்ன சத்தம் கேட்டுது?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. "பொந்துன்னு நெனச்சுக் கழிச்சு, அது சேகா இருந்தா அது நம்ம அதிர்ஷ்டம். சேகுன்னு நெனச்சு வாங்கி, பொந்தா இருந்தா அது நம்ம நட்டம். நட்டத்துக்கு நாம யாருட்டயும் துட்டு திருப்பிக் கேட்டதில்ல. ஆனா நீ காதால கேட்டத வாயால மாத்திச் சொல்லியிருக்க. இது வியாபாரம் இல்லல."

நாலு கன அடிக்கான பணத்தை என்னிடமே கொடுத்தனுப்பினார். ஆச்சி திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். விவரத்தைப் பாதி விழுங்கிச் சொன்னேன். நோட்டுகளை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்போ பொந்து எங்க போச்சு தம்பி?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்டதாகத் தோன்றவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா இப்போது இல்லை. மில்லும் கைமாறிவிட்டது. மரபியல் பாடம் நடத்தும்போது, உள்வயிரத்தை எப்படி அறிவது என்று எப்போதாவது ஒரு மாணவர் கேட்பார். தட்டிப் பார்த்தால் கேட்கும் என்று சொல்வேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதை இத்தனை ஆண்டுகளில் வகுப்பில் சொன்னதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.