குருவி தெரியும்... கல் சுமந்தவங்களைத் தெரியுமா?

கலிஃபோர்னியாவுல எம்.எஸ். பண்ற ஐடியா இருக்கா பாஸ்? டிஸ்னிலேண்ட், ஹாலிவுட்னு போடுற லிஸ்ட்ல சான் ஹுவான் கப்பிஸ்ட்ரானோவையும் சேர்த்துக்கோங்க. லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஊர்.

1769-ல இருந்து 1823 வரைக்கும் ஸ்பெயின் பாதிரியார்கள் இந்தக் கடலோரத்துல வரிசையா 21 மிஷன்களை ஆரம்பிச்சாங்க. மிஷன்னா வெறும் சர்ச் இல்லை. வயல், மாட்டுப்பட்டி, தறி, தோல் பதனிடும் தொட்டி எல்லாம் சேர்ந்த ஒரு குட்டி ஊர். கப்பிஸ்ட்ரானோ ஏழாவது மிஷன். 1776 நவம்பர் 1-ம் தேதி இதைத் தொடங்கினவர் ஹூனிபெரோ செர்ரா.

ஆனா, ஊர் ஃபேமஸ் ஆனது தகைவிலான் குருவிகளால! அர்ஜென்டினாவுல இருந்து திரும்பி வர்ற குருவிகளுக்காக வருஷா வருஷம் மார்ச் 19-ம் தேதி மணி அடிச்சுக் கொண்டாடுறாங்க.

உள்ளே போனதும் குருவியைத் தேடாதீங்க. இடிஞ்சு நிக்கிற கல் சர்ச் முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. 1797-ல கட்ட ஆரம்பிச்சு, முடிக்க ஒன்பது வருஷம் ஆச்சு. தலைமைக் கொத்தனார் இசித்ரோ அகிலார் பாதியிலேயே இறந்துட்டார். கல் சுமந்தவங்க, அந்த மண்ணோட சொந்தக்காரங்களான அஹாஷ்மென் மக்கள். ஞானஸ்நானம் வாங்கிட்டா, அனுமதி இல்லாம மிஷனை விட்டுப் போக முடியாது. தப்பிச்சு ஓடினா, சிப்பாய்கள் பிடிச்சு இழுத்துட்டு வருவாங்க.

1812 டிசம்பர் 8... காலைப் பூசை நேரத்துல பூகம்பம்! சிவில் பசங்களைக் கேளுங்க, கல் கட்டுமானம் அமுக்கினா தாங்கும், இழுத்தா விரிசல் விடும். கல் கூரை அப்படியே உள்ளே விழுந்துச்சு. பூசைக்கு வந்திருந்த அந்த மண்ணின் மக்கள் சுமார் 40 பேர் பலி. அவங்க சுமந்த கல்லே அவங்க மேல விழுந்துச்சு. ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல மட்டுமே நின்ன சர்ச்சை அப்புறம் யாரும் திருப்பிக் கட்டலை.

செர்ராவுக்கு 2015-ல வாஷிங்டன்ல வெச்சுப் புனிதர் பட்டம் கொடுத்தார், போப் பிரான்சிஸ். அஹாஷ்மென் மக்கள்? 'எங்களைத் தனிப் பழங்குடியா அங்கீகரிங்க'ன்னு பல வருஷம் போராடினாங்க. 2011-ல அமெரிக்க மத்திய அரசு 'முடியாது'ன்னு சொல்லிடுச்சு. ஆனாலும், அந்தக் குடும்பங்களோட வாரிசுகள் இன்னிக்கும் அதே ஊர்ல, சுத்துவட்டாரத்துல இருக்காங்க.

குருவியை போட்டோ எடுங்க, தப்பே இல்லை. அப்படியே கைடுகிட்ட, 'அஹாஷ்மென் ஆளுங்க கதையைச் சொல்லுங்க'ன்னு ஒரு கேள்வியும் கேட்டுட்டு வாங்க!