எண்களாக வந்து சேரும் செயற்கைக்கோள்

ஆனேக்கல்லில் குடியிருக்கும் மென்பொருள்காரர்களில் பலருக்கும் வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில்தான். நானும் காலையில் சந்தாப்புரா நெரிசலைக் கடந்துபோய் வங்கிகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவன்தான். இப்போது செயற்கைக்கோள் மென்பொருள் குழு ஒன்றை நடத்துகிறேன். இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள், "சார், மறுபடி படிக்கணுமா?" என்று கேட்கிறார்கள். படித்தால் நல்லது. அதற்கு முன் சிமுலேட்டரில் உட்காருங்கள் என்பேன்.

மயில்சாமி அண்ணாதுரையின் பாதையைப் பாருங்கள். 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவர் குழு உருவாக்கியது, மென்பொருளிலேயே இயங்கும் செயற்கைக்கோள் சிமுலேட்டர். பிறகு 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏவை இயக்கும் பொறுப்பு. 2008இல் சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மின்கலம், வெப்பம், எரிபொருள், திசைக் கட்டுப்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு உண்டு. சிமுலேட்டர் எழுதுகிறவர் எல்லோரிடமும் போய், உங்கள் கருவி கெட்டால் எப்படிக் கெடும் என்று கேட்டே தீரவேண்டும். கேட்கக் கேட்க முழுச் செயற்கைக்கோளும் அவருக்குப் பிடிபடுகிறது.

கருவி கெடுவதற்கு ஓர் உதாரணம்: செயற்கைக்கோளின் வெளிப்பலகையில் ஒரு வெப்ப உணரி. 21.4 டிகிரி காட்டுகிறது. அரை மணி கழித்தும் அதே 21.4. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் நிழலுக்குள் போய்வரும் பலகை அது. அங்கே எண் அசையவில்லை என்றால் உணரி செத்திருக்கும், இல்லையேல் பழைய மதிப்பையே நிரல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். வங்கி நிரலில் வரம்புக்குள் இருக்கும் எண்ணை நம்பிவிடுவேன். அந்தப் பழக்கத்தை விடத்தான் எனக்கு அதிக காலம் ஆனது.

தலைமைப் பொறுப்பு என்றதும் சந்திரயான்-3 நினைவுக்கு வரும். 2019இல் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் தரையிறங்கத் தவறியபின், எதெல்லாம் தவறலாம் என்பதிலிருந்தே புது வடிவமைப்பைத் தொடங்கினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு, 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தது. இன்னும் கெட்டிக்காரத்தனமான நிரலைத் தேடிப் போவதோடு நிற்காமல், நிரல் பிசகினாலும் பிழைக்க இடம் கொடுத்தார்கள். வீரமுத்துவேல் தலைமையிலான குழு 2023 ஆகஸ்ட் 23 அன்று இறக்கிக் காட்டியது.

மங்கள்யான் செவ்வாயை அடைந்த 2014 செப்டம்பர் 24 அன்று, சமிக்ஞை ஒரு வழி போகவே 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. கட்டளைகளை நேரம் குறித்து முன்னதாகவே ஏற்றிவிட்டிருந்தார்கள். எங்கள் சிறிய செயற்கைக்கோள்களிலும் அப்படி ஒரு கட்டளை வரிசை உண்டு. ஆய்வுக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் பேசச் சொல்வேன். பெரியவர் கருத்துச் சொன்னபின் இளையவரின் சந்தேகம் தொண்டையிலேயே நின்றுவிடும். அப்படித்தான் அந்தக் கட்டளை வரிசையைப் பற்றி ஓசூரிலிருந்து வரும் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், கணினி ரீசெட் ஆகி, கடிகாரத்தை ஜி.பி.எஸ். திடீர்னு முன்னால தள்ளினா, நடுவுல இருக்கிற கட்டளையெல்லாம் என்ன ஆகும்?"

எல்லாம் ஒரே நொடியில் ஓடும். ஹீட்டரும் கேமராவும் டிரான்ஸ்மிட்டரும் ஒன்றாக எழுந்தால் மின்கலம் தாங்காது. நேரம் கடந்த கட்டளையை ஓட்டாமல் ஒதுக்கிவைத்து, தரைக்குத் தெரிவித்து, அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். அந்தப் பகுதியை அவளையே எழுதச் சொன்னேன்.