பிள்ளைக்கு ஹேண்ட்ஸ்பிரீ வாங்க முன்



பதிவு கொஞ்சம் நீளம். காசும் காதும் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் பொறுமையாக வாசித்துவிடுங்கள்.

"சேர், பிள்ளைக்கு சூம் கிளாசுக்கு எந்த ஹேண்ட்ஸ்பிரீ வாங்குறது?" 2020இல் கொரோனாவோடு பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கிய இந்தக் கேள்வி இன்னும் நிற்கவில்லை. வன்னியில் பஸ் பிடித்து ரியூஷனுக்குப் போய்வருவது எல்லாப் பிள்ளைகளுக்கும் முடியாது. வேறு ஊர் ஆசிரியரின் பாடத்தைப் போனில்தான் கேட்கிறார்கள். ஈ-தக்சலாவையில் இருக்கும் பாடங்களும் போனில்தான். அந்தப் பாடம் காதுக்குள் தெளிவாகப் போகாவிட்டால், டேட்டாவுக்குக் கட்டிய காசும் வீண், பிள்ளை விழித்திருந்த இரவும் வீண்.

ஆகவே இந்த விடுமுறையில் நாம் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து, காதுத் துளைக்குள் போகும் வயர் ஹேண்ட்ஸ்பிரீகள் சிலவற்றை எடுத்துப் பரீட்சித்துப் பார்த்தோம். கொஞ்சம் இரவல், கொஞ்சம் நாமே வாங்கியவை. எந்தக் கம்பனிக்கும் விளம்பரம் ஆகக்கூடாது என்பதால் நாம் பரீட்சித்தவற்றின் பெயரைச் சொல்லவில்லை. கடைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறோம்.

ஏன் வயர்? புளூடூத் வசதிதான். ஆனால் அதைச் சார்ஜ் போட வேண்டும், ஒரு பக்கம் தொலைந்தால் மற்றப் பக்கத்தால் பாதிப் பயன்தான், இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி இறங்கும். அதே விலைக்கு வயரில் வருவது பெரும்பாலும் நல்ல சத்தம். வாங்க முன் போனைப் பாருங்கள். வட்டத் துளை இருந்தால் 3.5 மில்லிமீற்றர் செருகி. இல்லாவிட்டால் டைப்-சி செருகி உள்ளதைக் கேளுங்கள்.

இப்போது வரும் மலிவு ஹேண்ட்ஸ்பிரீகள் சிலவற்றில் ஒரு புதிய விடயம் உண்டு. சத்தத்தின் தன்மையை நாமே மாற்றிக்கொள்ளலாம். இது மூன்று விதம். ஒன்று, உடம்பில் அரிசி மணியை விடச் சிறிய சுவிச்சுகள். இரண்டு, காதுக்குள் போகும் குழாய் முனையைக் கழற்றி வேறு முனை பூட்டுவது. மூன்று, டைப்-சி வயரோடு வரும் செயலியில் மாற்றுவது. உதாரணத்துக்கு, கே.இஸட் என்ற சீனக் கம்பனி 2023இல் விட்ட காஸ்டர் என்ற மாடலில் ஒவ்வொரு பக்கமும் நான்கு சுவிச். நான்கையும் ஏற்றி இறக்கினால் 2×2×2×2, அதாவது 16 விதமாக வைக்கலாம்.

சுவிச்சுக்குள் மந்திரம் எதுவும் இல்லை. ஓ.எல் விஞ்ஞானத்தில் படிக்கும் தடையியும் கொள்ளளவியும்தான். சுவிச்சைத் தட்டும்போது மின்னோட்டம் வேறு பாதையால் போகிறது. அதனால் தாழ்ந்த மீடிறன் சத்தம், அதாவது பேஸ், கூடும் அல்லது குறையும். அல்லது உயர்ந்த மீடிறன் சத்தம் கூடும், குறையும். அவ்வளவுதான்.

ஆனால் இந்த அவ்வளவுக்குள்தான் பிள்ளையின் பாடம் இருக்கிறது. மனிதக் காது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். பேச்சில் 'அ', 'ஓ' போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த பக்கம். 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகளின் அடையாளம் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே. உயிரொலி பேச்சுக்குச் சத்தம் தருகிறது, மெய்யொலி விளக்கம் தருகிறது. பேஸ் கூடிய ஹேண்ட்ஸ்பிரீயில் ஆசிரியரின் குரல் பானைக்குள் இருந்து பேசுவதுபோல வரும். சத்தம் இருக்கும், சொல் இருக்காது. பிள்ளை என்ன செய்யும்? வொலியுமைக் கூட்டும். அப்போது பேஸும் சேர்ந்து கூடும்.

பரீட்சிக்க நாம் நான்கு விடயம் எடுத்தோம். முதலாவது, பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் பழைய வானொலி நிகழ்ச்சி ஒன்று. ல, ள, ழ மூன்றும் அவர் வாயில் மூன்றாகவே வரும். ஹேண்ட்ஸ்பிரீயில் அவை ஒன்றாகக் கேட்டால் குற்றம் ஹேண்ட்ஸ்பிரீயில்தான். இரண்டாவது, எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்களின் ஓதல். மத்ரஸாப் பிள்ளைகள் தஜ்வீத் பழகக் கேட்பது அவரைத்தான். ஸீன், ஸாத், ஷீன் மூன்றும் பிரிந்து கேட்கிறதா என்று பார்த்தோம். மூன்றாவது, ஆங்கிலப் பாடம். 'திங்க்', 'சிங்க்' என்ற இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டு எழுதச் சொன்னோம். நான்காவது, உண்மையான சூம் வகுப்பு ஒன்றின் ஒலிப்பதிவு, அதன் இரைச்சலோடு.

ஏ.எல் பிள்ளைகள் சிலரும் கேட்டுச் சொன்னார்கள். நாம் கண்டது இது.

வீதியோரத்தில் 350 ரூபாவுக்கு வாங்கியது பாட்டுக்குப் பரவாயில்லை, பாடத்துக்கு உதவவில்லை. 'திங்க்' எது 'சிங்க்' எது என்று பிள்ளைகள் ஊகித்துத்தான் எழுதினார்கள். வொலியுமைக் கூட்டியும் வித்தியாசம் தெரியவில்லை.

1,500 ரூபா அளவில் வாங்கிய, மைக் உள்ள சாதாரண ஹேண்ட்ஸ்பிரீ எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. சுவிச் எதுவும் இல்லை. ஆனால் குரல் முன்னுக்கு வந்தது.

நான்கு சுவிச் உள்ளது 6,000 ரூபாவைத் தாண்டியது. பேஸ் சுவிச்சுகளை இறக்கி, மற்ற இரண்டையும் ஏற்றி வைத்தபோது அப்துல் ஹமீத் அவர்கள் பக்கத்தில் இருந்து பேசுவதுபோலக் கேட்டது. ஓதலில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. சூம் ஒலிப்பதிவில் மட்டும் இரைச்சலும் சேர்ந்து கூடியது. அதற்கு ஒரு சுவிச்சை இறக்க வேண்டி வந்தது. 16 விதத்தில் நமக்குப் பிரயோசனப்பட்டது மூன்றோ நான்கோதான். மற்றவற்றுக்கு இடையில் வித்தியாசம் கண்டுபிடிக்கவே கஷ்டம்.

மாற்றும் முனை உள்ளதும் வித்தியாசம் காட்டியது. ஆனால் அந்த முனை ஒரு மிளகு அளவு. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் விட முக்கியமாகக் கண்டது வேறு. சுவிச் செய்த மாற்றத்தை விடப் பெரிய மாற்றத்தைச் செய்தது நுனியில் உள்ள ரப்பர். பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சோடி வரும். பலர் போட்டிருப்பதைக் கழற்றுவதே இல்லை. ரப்பர் காதுத் துளையை மூடாவிட்டால் பேஸ் வெளியே போய்விடும், வெளிச்சத்தம் உள்ளே வந்துவிடும். சரியான ரப்பர் போட்டால் தகரக் கூரையில் விழும் மழையும், பக்கத்து வயல் உழவு மெசினும் பாதியாகக் குறையும். அப்போது வொலியுமைக் கூட்டத் தேவையே வராது. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம், அது சாதாரணம்.

இரண்டாவது, அநேகமான அன்ட்ரொயிட் போன்களில் செற்றிங்ஸுக்குள் ஈகுவலைசர் உண்டு. இடப்பக்கக் கோடுகளைச் சற்று இறக்கி விடுங்கள். சுவிச் செய்யும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே இலவசமாக முடிகிறது. எல்லாச் செயலியிலும் அது வேலை செய்யாது என்பதால் வகுப்பு நடக்கும் செயலியிலேயே சோதித்துப் பாருங்கள்.

எனவே ஒழுங்கு இப்படி: முதலில் ரப்பர், பிறகு போன் ஈகுவலைசர், அதற்கும் பிறகுதான் சுவிச்.

இனி காது பற்றி. உட்காதில் சத்தத்தைப் பிடிக்கும் மயிர்க்கலங்கள் பிறக்கும்போது சுமார் 15,000 இருக்கும். அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் ஒரு அளவு சொன்னார்கள். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணித்தியாலம், 86 என்றால் 10, 89 என்றால் 5. வீட்டில் டெசிபல் அளக்கக் கருவி தேவையில்லை. வொலியும் கோட்டின் 60 வீதத்தைத் தாண்டாமல் இருங்கள். கை எட்டும் தூரத்தில் நின்று நீங்கள் சாதாரணமாகப் பேசுவது பிள்ளைக்குக் கேட்காவிட்டால் சத்தம் கூட என்று சந்தேகப்படுங்கள்.

நம் மண்ணில் இதை இரட்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009 வரை இங்கே ஷெல்லும் குண்டும் வெடித்த சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர்கள் எத்தனையோ பேர். இன்றும் காதுக்குள் 'கீ' என்று இரைச்சலோடு தூங்கப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. நாம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள், அவர்கள் இங்கேயே நின்று அனுபவித்தவர்கள். எந்த வீட்டுக் காதாக இருந்தாலும் காது ஒன்றுதான்.

நம் மாணவர் ஒருவரின் வாப்பா இல்லை, அப்பா. ஒரு காது அந்தக் காலத்தில் போனது, மற்றது அரைவாசி. மூத்த மகன் கட்டாரில் வேலை. போன் வந்தால் "ம்… ம்…" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். மகன் சொல்வது விளங்குவதில்லை. பெரிய சத்தத்தால் கெட்ட காதில் முதலில் குறைவது 4,000 ஹேர்ட்ஸ் பக்கம். மெய்யொலிகள் இருக்கும் இடம் அது. நாம் சுவிச் ஹேண்ட்ஸ்பிரீயைப் பேஸ் இறக்கி, மேல்பக்கம் ஏற்றி, வொலியுமைக் குறைத்து அவரிடம் கொடுத்தோம். அன்று அவர் மகனோடு பேசி முடிக்கும்வரை போனை அம்மாவிடம் கொடுக்கவில்லை. "அவன் குரல் எனக்கு இவ்வளவு தெளிவாக் கேட்டு எத்தனையோ வருசம் சேர்" என்றார்.

இதை வைத்து ஹேண்ட்ஸ்பிரீ ஒரு வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அது செவிப்புலன் கருவி அல்ல. கெட்ட இடத்தில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இருப்பதும் போகும். அவரைக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டும்படி சொல்லியிருக்கிறோம். வகுப்பில் ஒரு பக்கம் திரும்பியே உட்காரும் பிள்ளை, "என்ன?" என்று இரண்டு தரம் கேட்கும் பிள்ளை, ரிவியைக் கூட்டச் சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு "கவனமில்லை" என்று பட்டம் சூட்டுவது இலகு, காதைச் சோதிப்பது நியாயம்.

சுருக்கமாக எமது சிபாரிசு:

ஓ.எல், ஏ.எல் பிள்ளைக்கு 1,500 ரூபா அளவில் மைக் உள்ள, மூன்று அளவு ரப்பர் வரும் வயர் ஹேண்ட்ஸ்பிரீ போதும். கடையில் பாட்டுப் போட்டுக் காட்டினால் "பேச்சுப் போடுங்கோ" என்று கேளுங்கள். செய்தி வாசிப்பு ஒன்றைக் குறைந்த வொலியுமில் கேட்டு, ஒவ்வொரு சொல்லும் விளங்கினால் வாங்குங்கள்.

குர்ஆன் மனனம், மொழிப் பயிற்சி, ஒலிப்பதிவு என்று நீண்ட காலம் பாவிப்பவர்கள், கையில் காசும் இருந்தால் சுவிச் உள்ளதை எடுக்கலாம். வயர் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. பெரும்பாலும் முதலில் அறுவது செருகிக்குப் பக்கத்தில்தான். அங்கே அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம். சுவிச்சைத் தட்டப் பல்குத்தி பாவியுங்கள், ஊசி வேண்டாம்.

நாள் கூலிக்குப் போகும் வீடு 6,000 ரூபாவுக்கு ஹேண்ட்ஸ்பிரீ வாங்கத் தேவையே இல்லை. பிள்ளை அழுதாலும் வாங்க வேண்டாம். மிச்சக் காசுக்குக் கொப்பி வாங்குங்கள்.

ஒரு ஹேண்ட்ஸ்பிரீயை நானா, தங்கச்சி என்று எல்லோரும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். போடத்தான் வேண்டுமென்றால் ரப்பரையாவது வேறாக வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். வுளூச் செய்த கையோடு ஈரக் காதுக்குள் செருக வேண்டாம்.

ஏ9 வீதியில் சைக்கிள் ஓடும்போதும், ரெயில் பாதையைக் கடக்கும்போதும் இரண்டு காதிலும் அது இருக்கவே கூடாது. நல்ல ரப்பர் ஹோர்ன் சத்தத்தையும் மறைக்கும்.

நாம் பரீட்சித்த சோடிகள் எம்மிடம் இருக்கின்றன. பாடசாலை தொடங்கியதும் இடைவேளையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்த அளவு ரப்பர் பொருந்துகிறது என்று பார்த்துச் சொல்கிறோம், அதன் பிறகு கடைக்குப் போங்கள். உங்களிடம் நன்றாக உழைக்கும் ஹேண்ட்ஸ்பிரீ இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றப் பெற்றோருக்கு உதவும்.

நம் பிள்ளைகளின் செவியையும் கல்வியையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.