நாற்பது நாளுக்கு ஆள் இல்லை

வட கரோலினாவின் கோழி ஆலைகளில் வேலை பார்க்கும் மெக்சிகோ பெண்களில் பலர் இங்கே வந்துதான் பிள்ளை பெறுகிறார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய குறை இருக்காது. பிறந்த கையோடு பிள்ளையைத் துடைத்துத் தாயின் வெறும் மார்பில் போட்டுப் போர்த்திவிடுவார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் சொல்வார்கள். ஊரில் சில கிழவிகள் சீம்பாலை அழுக்கென்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னதுண்டு. அந்த மட்டில் ஆஸ்பத்திரி சொல்வதே சரி. ஆனால், பிள்ளையை மார்பில் போடுவது இங்கே மட்டும் உள்ள வழக்கமல்ல: குறைமாதப் பிள்ளையை மார்போடு கட்டிச் சூடு கொடுக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தொடங்கியது. இன்குபேட்டர் போதாமல் பிறந்த யோசனை!

ஏக்கமெல்லாம் வீடு திரும்பிய பிறகுதான். ஊரில் என்றால் நாற்பது நாள் குவாரெந்தேனா. பச்சை உடம்புக்காரி துடைப்பத்தைத் தொடக்கூடாது, தலையில் குளிர்காற்று படக்கூடாது. வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டுவார்கள். விடியற்காலையில் அம்மா சோளமாவைக் கரைத்து, பட்டையும் வெல்லமும் போட்டு, கட்டி தட்டாமல் துழாவிக்கொண்டே நிற்பாள். அந்த ஆத்தோலே கஞ்சி உள்ளே போனால் பால் ஊறும் என்பது நம்பிக்கை. மதியம் கோழிச்சாறு. பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் எடுத்துப் பால் கொடுப்பதைத் தவிர இவளுக்கு வேறு வேலை கிடையாது. சில நாள் சிறைவாசம் போல எரிச்சலாகவும் இருக்கும்தான்.

இங்கே அம்மாவுக்கு விசா இல்லை. 1993-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, சம்பளம் தருவதில்லை. ஆகவே நாற்பது நாள் முடியும் முன்பே குளிரூட்டிய ஆலைக்குள் நின்று கோழி அறுக்க வேண்டும். ஏழைத் தாய்மாருக்கான அரசுத் திட்டத்தில் பால்மாவு கிடைக்கிறது. தாய்ப்பால், பால்மாவு இரண்டும் கொடுத்தால் பிள்ளைக்கு இரட்டைச் சத்து என்று பலர் நம்புகிறார்கள். புட்டி கூடக்கூட மார்பில் பால் குறைகிறது.

மெக்சிகன் கடையில் பாக்கெட் ஆத்தோலே விற்கிறார்கள். நின்றபடியே குடித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடலாம். "எழுந்திருக்காதே, படு!" என்று அதட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை கொமாத்ரே என்று அழைக்கும் நெருங்கிய தோழி ஒருத்தி கோழிச்சாறு கொண்டு வருவாள். ஆனால் அவளுக்கும் மறுநாள் காலை ஷிப்டு.