பிள்ளையார்பாளையத்தில் கேட்ட தோல்விப் புராணம்

காஞ்சிபுரம்,
2025 டிசம்பர், மார்கழி முதல் வாரம்

அன்பார்ந்த நண்பருக்கு,

கோயில்களைப் பற்றி விஸ்தாரமாக எழுதவேண்டுமென்று தாங்கள் புறப்படும்போது இட்ட கட்டளையை நிறைவேற்ற முடியாதபடி வேறொரு விஷயம் என் மனத்தை ஆக்கிரமித்துக்கொண்டுவிட்டது. ஆகையால் கைலாசநாதரையும் ஏகாம்பரநாதரையும் அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைக்க அனுமதி வேண்டுகிறேன். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லியை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்துத் துண்டம் துண்டமாக நறுக்கித் தருகிறார்கள். சட்னி, சாம்பார் என்ற எந்த உபசாரமும் இல்லாமலே உள்ளே போகிறது. காபி விஷயத்தில்தான் இப்பிரதேசத்தை என்னால் க்ஷமிக்க முடியவில்லை. நம் ஊரின் பெயரைக் கொட்டை எழுத்தில் பலகையில் எழுதி, பித்தளை டபராவில் ஊற்றி, நெடுஞ்சாலை நெடுகிலும் ஒரு திரவத்தை விற்கிறார்கள். அதைக் குடித்தவன் பிறகு கும்பகோணத்துக்கு வந்து என்னத்தை எதிர்பார்ப்பானோ, எனக்குத் தெரியாது.

தங்கள் வீட்டு அம்மாள் சொல்லியனுப்பிய சேலைக்காகக் காந்தி ரோட்டுக்குப் போனேன். ஆட்டோக்காரர் தமக்கு வேண்டிய கடை வாசலில்தான் நிறுத்துவேன் என்று பிடிவாதம் செய்ய, அந்தக் கடைக்காரரோ நான் உட்காருமுன்பே இருபது சேலைகளை விரித்துப் போட, மூச்சு முட்டி வெளியே வந்து, சேலை விற்கும் இடத்தைவிட நெய்யும் இடத்தைப் பார்ப்பதே உத்தமம் என்று பிள்ளையார்பாளையத்துக்கு நடந்துவிட்டேன். அங்கேதான் இந்தக் கடிதத்தின் நாயகரைச் சந்தித்தேன்.

ஓட்டு வீடு, கூடத்தில் குழித்தறி, மேலே ஜக்கார்டு பெட்டி. ஐப்பசி மழையில் குழிக்குள் ஊறிய நீரை இறைத்து, ஈரம் உலரக் காத்திருந்து, இப்போதுதான் மறுபடியும் தறியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நெய்துகொண்டிருந்தது கோர்வைச் சேலை; உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று ஓடவேண்டியிருப்பதால், அந்தப் பக்கக் கரையின் நாடாவை அவருடைய மனைவி வீசிக்கொண்டிருந்தார். தறிக்குப் பின்சுவரில் ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பனியன் ஒன்று, பல தடவை துவைத்து வெளிறி, முதுகிலிருந்த 7 என்ற எண் பாதி உரிந்துபோன நிலையில் தொங்கியது. தறியின் கட்டைமேல் சாய்த்துவைத்த கைப்பேசியில், அபுதாபியில் நடந்த ஐபிஎல் கிரிக்கெட் ஏலத்தைப் பற்றி யாரோ உரத்த குரலில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், நீங்க எந்த டீம்?” என்று கேட்டார். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் வேறு எந்த அணியைச் சொல்வான்? நானும் சென்னை சூப்பர் கிங்ஸ்தான் என்றதும் நாடாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒரு விரற்கடைகூட நெய்யப்படவில்லை.

“தோத்ததுக்காக நான் அழல சார். ஆட்டம்னா தோக்கத்தான் செய்யும். தோக்கப் போறோம்னு இந்தத் தெருவுக்கே தெரிஞ்சுது. நடத்தறவங்களுக்கு மட்டும் தெரியல பாருங்க, அதான் வயித்தெரிச்சல்.”

இந்த வருஷத்துப் பருவத்தின் அவலங்களை அவர் ஒப்பித்த முறை, திவ்யப் பிரபந்தம் சேவிப்பவரின் கோவைக்குக் குறைந்ததன்று. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் நம்மை வென்றறியாத பெங்களூர் மார்ச் 28 அன்று 50 ரன் வித்தியாசத்தில் வென்றது. அன்று ஆட்டம் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கையில் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் ஆடி எடுத்தது 103. எதிரிகள் அதைப் பதினோராவது ஓவரின் முதற்பந்திலேயே கடந்தார்கள். வரிசையாக ஐந்து தோல்வி என்பது அதற்குமுன் நேர்ந்திராத அவமானம். ஏப்ரல் முடிவதற்குள் பந்தயத்திலிருந்து முதல் அணியாக வெளியேறி, 14 ஆட்டங்களில் 4 வெற்றியோடு, பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தார்கள். ஐந்து கோப்பைகளை வென்ற நம் அணி கடைசி இடத்தில் நின்றது அதுவே முதல் தடவை.

நிர்வாகத்தின் சார்பாக வாதாட நான் கொஞ்சம் முயன்றேன். இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு 2018-ல் திரும்பி வந்தபோது, கிழவர்களின் சேனை என்று உலகம் பரிகசித்த அதே அணிதானே கோப்பையைத் தூக்கியது, அனுபவத்தை நம்பும் கொள்கைக்கு அதைவிடப் பிரமாணம் வேண்டுமா என்றேன். அவர் சிரித்தார்.

“ஒரு தடவை பலிச்சுது சார். அதையே வேதமா வச்சுக்கிட்டாங்க. 2020-ல ஏழாவது, 2022-ல ஒம்பதாவது. மணி ரெண்டு தடவை அடிச்சுது. நடுவுல 21-லயும் 23-லயும் கப்பு வந்ததால யாரும் காதுல வாங்கல.”

பிறகு தறியின் பின்புறத்தைக் காட்டினார். சுருட்டியிருந்த பாவு மெலிந்து, இன்னும் ஒரு சேலைக்கே போதுமானதாக இருந்தது. “இது முடியற வரைக்கும் நான் சும்மா உக்காந்திருந்தா என்ன ஆகும்? இப்பவே அடுத்த பாவை ரெடி பண்ணணும். இது தீர்றப்ப, புது இழையை ஒண்ணொண்ணாப் பழைய இழையோட நுனியில முறுக்கிப் பிணைக்கணும். ஆயிரக்கணக்குல இழை. நாள்கணக்கா ஆகும். தறியில பழைய பாவு இருக்கறப்பதான் அதைச் செய்ய முடியும்; அறுத்துட்டு அப்புறம் யோசிச்சா எல்லாத்தையும் முதல்லேருந்து கோக்கணும். தோனி நல்லா ஆடிக்கிட்டிருந்தப்பவே அவரோட அடுத்தவனைப் பிணைச்சிருக்கணும் சார்.”

இதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரிகையும் எழுதி நான் படிக்கவில்லை. 2022-ல் ஜடேஜாவைத் தலைவராக்கி, எட்டு ஆட்டம் முடிந்ததும் மறுபடியும் தோனியிடமே பொறுப்பு திரும்பியது. 2024-ல் ருதுராஜ் வந்தார். 2025-ல் அவர் முழங்கையில் எலும்பு முறிந்ததும் பழையபடி தோனியே. ஐந்து வருஷமாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத வீரரைச் சர்வதேச அனுபவமற்றவராகக் கருதலாம் என்ற விதி மீண்டும் வந்ததன் புண்ணியத்தால், 4 கோடி ரூபாய்க்கு அவர் தக்கவைக்கப்பட்டார். நீண்ட நேரம் ஆட அவர் முழங்கால் இடம் கொடாது என்று பயிற்சியாளர் பிளெமிங்கே பகிரங்கமாகச் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகும் அவரைச் சுற்றியே அணியை அமைத்தது எந்த நியாயத்தால்? அவரைப் பார்க்க ரஸிகர்கள் எப்படியும் வருவார்கள் என்ற நிச்சயத்தால்தான் என்பது என் அபிப்பிராயம். பக்தியை நிரந்தர வருமானமாகக் கணக்கிடும் நிர்வாகத்துக்கு அவசரமே உண்டாவதில்லை.

அமெரிக்காவில் இத்தகைய நிர்வாகத்தை எதிர்க்க வேறு மார்க்கம் கண்டார்கள். ஓக்லண்டு நகரத்து பேஸ்பால் அணியை அதன் உரிமையாளர் மெலியவிட்டு, ஊரைவிட்டே கொண்டுபோக எத்தனித்தபோது, ரஸிகர்கள் மைதானத்துக்கு வருவதில்லை என்ற சாக்கைப் பொய்யாக்குவதற்காக, 2023 ஜூன் 13 அன்று 27,000-க்கும் அதிகமானோர் திரண்டு, “விற்றுவிடு” என்ற வாசகம் பொறித்த பச்சைச் சட்டைகளோடு கோஷமிட்டார்கள். அன்று அணி வென்றது. அந்தப் பருவத்தில் தோற்றது 112 ஆட்டம். 2024-க்குப் பிறகு ஊரைவிட்டே போய்விட்டது. நம் ரஸிகரோ அணி 103 ரன் மட்டுமே எடுத்த நாளிலும் விசில் அடித்துவிட்டு வீடு திரும்புகிறார். எது மேல் என்று தறிக்காரரைக் கேட்டேன். “அவங்க கத்தியும் டீம் போயிடுச்சு, நாங்க கத்தாததால டீம் தூங்கிடுச்சு” என்றார்.

அவருடைய ஆழ்ந்த மனத்தாங்கல் வேறொன்று: தமிழ்நாட்டுப் பிள்ளைகளை அணி கைவிட்டது. 2011 இறுதியாட்டத்தில் முரளி விஜய் 95 அடித்ததையும், அஸ்வின் முதல் ஓவரிலேயே கெய்லை வீழ்த்தியதையும், பத்ரிநாத் நடுவில் தாங்கி நின்ற வருஷங்களையும் சொல்லிவிட்டு, சாய் சுதர்சன் பெயரை எடுத்தபோது குரல் தழுதழுத்தது. சென்னைப் பிள்ளை; 2022-ல் 20 லட்ச ரூபாய்க்குக் குஜராத் எடுத்துக்கொண்டது; 2023 இறுதியாட்டத்தில் நமக்கு எதிராகவே 96 அடித்தார்; 2025-ல் 759 ரன் குவித்து ஆரஞ்சுத் தொப்பி அணிந்தார். அஸ்வினை 9.75 கோடிக்குத் திரும்ப அழைத்தபோது அவருக்கு வயது 38.

நிர்வாகம் இப்போது விழித்திருப்பது மெய்தான். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். இந்த ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலைக்கு 14.20 கோடி கொடுத்திருக்கிறார்கள். “நல்லதுதான். ஆனா 20 லட்சத்துல நம்ம பையனை எடுத்திருக்கலாம்” என்பது அவர் தீர்ப்பு.

விடைபெறும்போது, இந்தத் தறியில் அவருக்குப் பின் யார் உட்காருவார் என்று கேட்டுவிட்டேன். மகன் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போகிறானாம். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டாம். “நானே போகச் சொன்னேன் சார்” என்று நாடாவை எடுத்துக்கொண்டார். அவருக்கு வேறு வழியில்லை. கூலி அவர் கையில் இல்லை, பட்டு விலையும் ஜரிகை விலையும் அவர் கையில் இல்லை. அணியை அமைக்க 120 கோடி ரூபாயும், ஊர் ஊராகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆடும் லீக் ஒன்று கண்ணெதிரேயும் இருந்த அணி நிர்வாகத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

சேலை தை பிறந்த பிறகுதான் கிடைக்கும் என்று அம்மாளிடம் தெரிவியுங்கள். ஜில்லா லீக்கில் ஆடும் தங்கள் பேரனிடமும் ஒரு வார்த்தை: எந்த ஊர் அணி முதலில் கூப்பிட்டாலும் போய்விடட்டும், மஞ்சள் சட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் நண்பன்