மகளோடு நானும் படித்தேன்

'ஐ.சி. டிசைன்' என்று ஆரம்பித்ததுமே, "இது நமக்கான சமாச்சாரம் இல்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! நான் காலேஜ் வாசலை மிதித்தவள் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணம், இரண்டு பெண்கள், மாமியார், அடுப்படி, மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது. இதுதான் என் உலகம். 45 வயதில் எனக்கே கொஞ்சம் பிடிபட்ட விஷயம், உங்களுக்குப் பிடிபடாமல் போகாது.

டி.வி. ரிமோட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கருப்பாகச் சின்னதாக ஒரு வில்லை இருக்கும். சிலவற்றில் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால்கள் இருக்கும். அதுதான் ஐ.சி. செல்போன், வாஷிங் மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், எதிலும் அது உண்டு. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் ஐ.சி. டிசைன். என் பெரியவள் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷத்தில் இந்தப் பாடத்தில்தான் அரியர் வைத்தாள்.

ரிசல்ட் வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள், "எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்மா. நிறுத்திடறேன்" என்றாள். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். பாதியில் நின்றால் பட்டம் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். இவர் ஒன்றும் பேசாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். விஷயம் கேள்விப்பட்ட நாத்தனார் போன் போட்டு, "அவளுக்குப் பிடிக்கலேன்னா விட்டுடுங்க அண்ணி. எங்க பக்கத்துல நல்ல வரன் ஒண்ணு இருக்கு" என்றாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் படிப்பும் இப்படித்தான், ஒரு நல்ல வரன் வந்து நின்றது.

"சரிடி, நிறுத்தலாம். அதுக்கு முன்னாடி, உனக்கு என்ன புரியலேன்னு எனக்குச் சொல்லு" என்றேன்.

"உனக்குச் சொன்னா புரியாதும்மா."

"புரியாதவளுக்குச் சொல்லிப் பாரு. அப்பத்தான் உனக்குத் தெரிஞ்சது எவ்வளவுன்னு தெரியும்."

அவள் அதுவரை படித்தது ஜெராக்ஸ் எடுத்த குறிப்புகளை. கேள்வி, பதில், மனப்பாடம், அவ்வளவுதான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிமனான பாடப் புத்தகம் ஒன்று அலமாரியில் அப்படியே கிடந்தது. நீல் வெஸ்ட், டேவிட் ஹாரிஸ் என்ற இருவர் எழுதியது. தினமும் பாத்திரம் தேய்த்து முடித்து ஒன்பது மணிக்கு உட்காருவோம். அவள் ஆங்கிலத்தில் ஒரு பாரா வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்குப் புரியும் வரை அடுத்த பாராவுக்குப் போகக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

முதல் வாரம் முழுக்க டிரான்சிஸ்டரிலேயே நின்றோம். கடைசியில் குழாய்தான் கை கொடுத்தது. டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்துக்கு ஒரு குழாய். அதன் கைப்பிடிக்கு 'கேட்' என்று பெயர். இன்றைய சிப்களில் இரண்டு ஜாதிக் குழாய்கள் உண்டு. ஒன்று, கைப்பிடியை ஏற்றினால் திறக்கும். மற்றது, இறக்கினால் திறக்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் 'இறக்கினால் திறக்கும்' ஜாதியை வையுங்கள். சாக்கடைக்குப் போகும் குழாயில் 'ஏற்றினால் திறக்கும்' ஜாதியை வையுங்கள். நடுவில் ஒரு குடம். இரண்டு கைப்பிடிகளையும் ஒரே கம்பியால் இணைத்துவிடுங்கள். கம்பியை இறக்கினால் குடம் நிரம்பும். ஏற்றினால் காலியாகும். கொடுத்ததைத் தலைகீழாக்கித் தருவதால் இதற்கு 'இன்வர்ட்டர்' என்று பெயர். கரண்ட் போனால் ஓடும் நம் வீட்டு இன்வர்ட்டர் வேறு!

கம்பி எந்தப் பக்கம் நின்றாலும், ஒரு குழாய் திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும் அல்லவா? அதனால் சும்மா இருக்கும்போது தொட்டித் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. சொட்டுச் சொட்டாய்க் கசிவது மட்டும்தான். மாற்றி மாற்றித் திறந்து மூடும்போதுதான் செலவு. சும்மா வைத்த செல்போனில் சார்ஜ் நிற்பதும், பிள்ளைகள் விளையாடினால் போன் சூடாகி சார்ஜ் இறங்குவதும் இதனால்தான். இந்த முறைக்குச் 'சி.மாஸ்' என்று பெயர். 1963-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் வான்லஸ் என்பவர் கண்டுபிடித்தது. இதை நான் திருப்பிச் சொன்னபோது, பெரியவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க கிளாஸ்ல யாரும் இப்படிச் சொல்லலம்மா" என்றாள்.

அடுத்தது வரைவது. இங்கேதான் எனக்கு ஆசை வந்தது. காரணம், வண்ணப் பென்சில்! சிலிக்கான் தகடு அப்பளம் போல வட்டமாக, மெல்லிசாக இருக்கும். அதன் மேல் ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் அச்சு வைத்து, ஒளியைப் பாய்ச்சிப் படம் பதிக்கிறார்கள். ஓட்டை போட்ட கோல அச்சை வைத்துப் பொடி தூவுகிறோமே, அந்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாய்ப் பல அச்சுகள். தாளில் வரையும்போது அடுக்குக்கு ஒரு நிறம். பச்சையும் மஞ்சளும் சிலிக்கானிலேயே போடும் பட்டைகள், இரண்டு ஜாதிக் குழாய்களுக்கு. சிவப்பு, கைப்பிடிக் கோடு. நீலம், உலோகக் கம்பி. கருப்புப் புள்ளி வைத்தால் இரண்டு அடுக்கும் அங்கே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்புக் கோடு பச்சையையோ மஞ்சளையோ எங்கே குறுக்கே தாண்டுகிறதோ, அங்கே ஒரு டிரான்சிஸ்டர் பிறக்கிறது. அவ்வளவுதான். சின்னவளின் பென்சில் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டோம்.

அளவு விதிகள் வந்தபோது தையல்காரிக்குக் கொண்டாட்டம். எல்லா அளவும் 'லாம்டா' என்ற ஒரே அலகில் சொல்லப்படுகிறது. சிவப்புக் கோடு 2 லாம்டா அகலம். நீலக் கோடு 4 லாம்டா, அடுத்த நீலக் கோட்டுக்கும் இதற்கும் 4 லாம்டா இடைவெளி. இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்கிறோம். ஆழாக்கில் அளந்தாலும் படியில் அளந்தாலும் இட்லி ஒன்றுதான். அதுபோல, தொழிற்கூடம் இன்னும் பொடிசாகச் செய்யக் கற்றுக்கொண்டால் லாம்டாவின் அளவை மட்டும் மாற்றிப் போட்டு அதே படத்தைப் பயன்படுத்தலாம் என்பது யோசனை. நவீன சிப்களில் அது அச்சு அசலாய்ப் பொருந்தாது என்றாலும், படிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'சக்தி' பிராசஸர் சிப் 2018-ல் மொஹாலியில் உள்ள அரசுத் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது. அது 180 நானோமீட்டர் முறை. அந்தக் கணக்கில் ஒரு லாம்டா 90 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்தில் அந்த 180 நானோமீட்டர் கோடுகள் 300, 400 அடுக்கலாம்!

ஒரு விதியை மட்டும் அவள் மறந்து மறந்து போனாள். சிவப்புக் கோடு பச்சைப் பட்டையைத் தாண்டி இன்னும் 2 லாம்டா வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏன்? நான் கேட்டேன், "தையலுக்கு ஏன்டி துணி விடறோம்? வெட்டும்போது நூல் அளவு பிசகும்னுதானே?" அதேதான்! ஓர் அச்சு மற்றோர் அச்சின் மேல் இம்மி பிசகாமல் உட்காராது. நீட்டி வைக்காவிட்டால், பிசகிய ஓரத்தில் குழாய் மூடவே மூடாது, ஒழுகிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு அவள் அந்த விதியை மறக்கவில்லை.

இப்படி வண்ணக் கோடும் லாம்டாவுமாக இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் பாதை எப்படி வந்தது என்று தேடினோம். கார்வர் மீட், லின் கான்வே என்ற இருவர் 1980-ல் வெளியிட்ட பாடப் புத்தகத்தில் போய் நின்றது. அதற்கு முன் சிப் வரைவது கம்பெனிகளுக்குள்ளேயே இருந்த வித்தை. கான்வே 1978-ல் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கக் கல்விக்கூடத்தில் இதைப் பாடமாக நடத்தினார். மாணவர்கள் வரைந்தவை நிஜமான சிப்களாகவே செய்யப்பட்டு அவர்கள் கைக்கு வந்தன. மறு வருஷமே 12 பல்கலைக்கழகங்களில் 100 பேருக்கு மேல் அதே போல் வரைந்து செய்து பார்த்தார்கள்.

லின் கான்வே ஒரு திருநங்கை. 1968-ல், தான் பெண்ணாக மாறப் போவதாகச் சொன்னதற்காக ஐ.பி.எம். கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அங்கே செய்த ஆராய்ச்சியைச் சொல்லிக்கொள்ளக் கூட முடியாமல், புதுப் பெயரில், சாதாரண புரோகிராமராக முதல் படியிலிருந்து ஏறினார். 52 வருஷம் கழித்து, 2020-ல் அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2024-ல், 86 வயதில் அவர் காலமானார். இதை வாசித்து முடித்ததும் பெரியவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. நானும் உபதேசம் செய்யவில்லை. அவளே, "நாளைக்கு அடுத்த சேப்டரும்மா" என்றாள்.

நாங்கள் அதிக நாள் திணறியது ஒரு கணக்கில். ஏ, பி, சி என்று மூன்று சிவப்புக் கோடுகள். மேலே ஒரு மஞ்சள் பட்டை, கீழே ஒரு பச்சைப் பட்டை. ஒவ்வொரு கோடும் இரண்டையும் தாண்ட வேண்டும். கீழே ஏ-யும் பி-யும் ஒன்றன் பின் ஒன்றாய் இருக்கும், சி தனிப் பாதை. மேலே அதற்கு நேர்மாறு: ஏ-யும் பி-யும் பக்கத்துப் பக்கத்துப் பாதை, அவற்றுக்கு அடுத்து சி. கோடுகளை எந்த வரிசையில் நிறுத்தினால் இரண்டு பட்டையும் துண்டுபடாமல் வரும்? துண்டுபட்டால் இடம் கூடும், ஒரு தகட்டில் கிடைக்கும் சிப் குறையும், விலை ஏறும்.

அவள் ஏ, சி, பி என்று நிறுத்திப் பார்த்தாள். பச்சை சரியாக வந்தது, மஞ்சள் அறுந்தது. நான் படத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். எனக்குச் சிக்குக் கோலம்தான் தெரிந்தது. ஒரு கோட்டில் இரண்டு தடவை போகக் கூடாது, கையையும் எடுக்கக் கூடாது. மேலே, ஏ வழியாகப் போய் பி வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால், அங்கிருந்து சி-க்குப் போய்விடலாம். கீழே, ஏ, பி, சி என்று போனால் ஒரு முழுச் சுற்றாக முடிகிறது. "சி-யைக் கடைசியில வைடி" என்றேன். வைத்தாள். இரண்டு பட்டையும் முழுசாக வந்தன!

"அம்மா, இதுக்கு ஆய்லர் பாதைன்னு பேரு. புக்ல இருக்கு" என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து, "என்னடி ஆச்சு ராத்திரியில?" என்றார்.

நவம்பரில் அரியரை எழுதித் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் நிறுத்தும் பேச்சு நின்றது. கடைசி வருஷக் கட்டணத்தை இவர் மறுபேச்சில்லாமல் கட்டினார். நாத்தனாரிடம், "வரன் இருக்கட்டும்மா. படிப்பு முடியட்டும்" என்று அவரே சொன்னார். எனக்கு அது போதும்.

சகோதரிகளே, பிள்ளை படிப்பில் தடுமாறினால், "எனக்கு என்ன தெரியும்? அப்பாவைக் கேளு" என்று நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால், புரியவில்லை என்றே சொல்லுங்கள். அதில் வெட்கம் வேண்டாம், அவர்களுக்கு எங்கே ஓட்டை என்று அப்போதுதான் தெரியும். குறிப்புகளை மூடிவிட்டு நல்ல பாடப் புத்தகம் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். கையால் வரைந்து, செய்து பார்க்கும் பாடமாக இருந்தால் பென்சிலை நீங்களும் ஒன்று கையில் எடுங்கள். குழாயும் கோலமும் தையலும் இட்லி மாவும் தெரிந்தவர்கள் நாம். அவ்வளவு பெரிய புத்தகத்தில் அவற்றுக்கு வேலை இல்லாமல் போகவில்லை. உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்களேன்!