நேரில் கலர் இப்படியே இருக்குமா?

ஆடி 1, வியாழன் (17.7.2025)

இணையவழி விற்பனை என்பது பொருளும் வாங்குபவரும் ஒரே இடத்தில் இல்லாத விற்பனை. ஆகவே கடையில் கண்ணும் கையும் ஒரு நொடியில் முடித்துவிடும் சோதனைகள் அனைத்தும் அங்கே கேள்விகளாக மாறி, விற்பவரின் கைபேசிக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. தியாகராய நகர் ஜவுளிக் கடையில் முந்தானையை இரு விரலால் கசக்கிப் பார்ப்பவரும், தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பவரும், வாசல் வரை எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பவரும் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதே மனிதர் வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்க்கும்போது, "துணி மெத்துனு இருக்குமா?", "கட்டினா நிக்குமா?", "நேர்ல கலர் இப்படியே இருக்குமா?" என்று மூன்று செய்திகள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமலிருக்கும் இந்நிலையைப் பொருளியலார் தகவல் சமமின்மை என்பர். பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக விளக்கியது: நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் பிரித்தறிய வழியில்லாத இடத்தில் வாங்குபவர் நடுத்தர விலைக்கு மேல் தர மாட்டார், அந்த விலை கட்டுப்படியாகாத நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டே விலகுவார், மிஞ்சுவது மோசமான வண்டிகளே. இத்துறை ஆய்வுக்காக 2001-இல் அவருக்கும் மற்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வகையில் பார்த்தால், விற்பவரைச் சலிப்படையச் செய்யும் கேள்விதான் நல்ல சரக்கு வைத்திருப்பவரைச் சந்தையில் நிலைக்க வைக்கிறது.

சென்னை கோட்டூர்புரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியிலிருந்து புடவை விற்கும் ஒரு பெண்மணிக்கு இம்மாதம் வரும் கேள்விகளை, அவருடைய இசைவோடு அருகிலிருந்து கவனித்து எழுதப்படும் குறிப்புகள் இவை.

ஆடி 3, சனி

காலையில் வரும் முதல் செய்தியும் இரவில் வரும் கடைசிச் செய்தியும் ஒரே சொல்லாக இருக்கின்றன: "விலை?" இணையத்தில் புடவை விற்போர் பலர் படத்தின் கீழே விலையைப் போடாமல், விலைக்கு இன்பாக்ஸ் வரவும் என்று எழுதுகின்றனர். இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: போட்டியாளர் பார்த்துவிடுவார், பேச்சு தொடங்கினால் வேறொன்றையும் காட்டலாம், ஆளுக்குத் தகுந்த விலை சொல்லலாம். முதல் இரண்டையும் வணிகத் தந்திரம் என்று ஏற்கலாம். மூன்றாவதை ஏற்க இயலாது. முகம் தெரியாத ஒருவரின் முகப்புப் படத்தையும் ஊரையும் பார்த்து விலையைக் கூட்டுவது, தராசில் விரல் வைப்பதற்குச் சமம்.

2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், சந்தைத் தளம், அதாவது பல விற்பனையாளர்களை ஓரிடத்தில் கூட்டும் இணையதளம், வழியாக விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகவும் அதன் பிரிவுகளோடும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. தன் வீட்டுப் பழைய மின்விசிறியை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிமனிதரை இவ்விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. தொழிலாக, தொடர்ந்து விற்பவர் அந்த விலக்கைக் கேட்க முடியாது. கோட்டூர்புரத்துப் பெண்மணி ஒவ்வொரு படத்தின் மேலும் விலையை எழுதி, தமிழ்நாட்டுக்குள் கூரியர் செலவு அதில் அடக்கம் என்றும் சேர்க்கிறார். அதன் பிறகும் "விலை?" வருகிறது, "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க" என்றும் வருகிறது. ரங்கநாதன் தெருவில் பேசி வாங்கிப் பழகிய ஊரில் பேரம் கேட்பது அவமதிப்பு அன்று என்பதை அவர் அறிந்திருப்பதால், "அதே விலைதாங்க, எல்லாருக்கும்" என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆடி 6, செவ்வாய்

நேற்றிரவு வந்த கேள்வி இந்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது: "சிஸ், எம்.எஸ். ப்ளூ இருக்கா?"

எம்.எஸ். ப்ளூ என்பது எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் நீலம். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் அவருக்காக நெய்து கொடுத்தது என்று சொல்லப்படுவது. அந்த இசைமேதை தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்ததும் இதே கோட்டூர்புரத்தில்தான். 2004 டிசம்பர் 11 அன்று மறைந்தார். ஒரு மனிதர் உடுத்தியதால் பெயர் பெற்ற நிறத்துக்கு எண் கிடையாது, அளவுகோல் கிடையாது; மேடையில் கண்டவர்களின் நினைவும் பழைய படங்களும் மட்டுமே உண்டு. ஆகையால் இணையத்தில் அப்பெயரைத் தேடினால் கருநீலம் முதல் மயில்கழுத்து வரை பத்து வகை நீலங்கள் வருகின்றன. ஒவ்வொரு விற்பனையாளரும் தம்முடையதே அது என்கிறார்.

படத்தில் நிறம் மாறுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கைபேசிக் கேமரா, சுற்றியுள்ள ஒளியில் எது வெள்ளை என்பதைத் தானாகவே ஊகித்து மற்ற நிறங்களை அதற்கேற்பத் திருத்துகிறது. குழல்விளக்கின் கீழ் ஒரு திருத்தம், சாயங்கால வெயிலில் வேறொரு திருத்தம். அடுத்து, பார்ப்பவரின் கைபேசித் திரை தன் பங்குக்கு நிறத்தை ஏற்றிக் காட்டுகிறது. பாவும் ஊடையும், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலும் குறுக்கே ஓடும் நூலும், வேறு வேறு நிறமாயிருந்தால் புடவை அசையும்போதெல்லாம் நிறமும் அசையும். இதைக் கடைக்காரர் டபுள் ஷேட் என்பர். எந்த ஒற்றைப் படமும் அதைப் பிடித்துவிட முடியாது.

அப்பெண்மணி செய்தது இது. காலை பத்து மணி அளவில், நேர் வெயில் விழாத பால்கனியில் பாயை விரித்துப் புடவையை ஒரு மடிப்பு மட்டும் பிரித்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார், தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மற்றதும் ஓரளவு சரியாக இருக்கும் என்பதற்காக. ஃபில்டர் எதுவுமின்றி இரண்டு படங்களும், முந்தானையைக் கையில் ஏந்தித் திருப்பும் பத்து வினாடி வீடியோ ஒன்றும் எடுத்தார். பிறகு எழுதினார்: "போட்டோவை விட நேர்ல கொஞ்சம் டார்க்கா இருக்கும். எம்.எஸ். ப்ளூன்னு சொல்ல மாட்டேன் சிஸ், அதுக்குப் பக்கத்துக் கலர்." கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு வாங்காமல் போனார்.

இந்தப் பதில் சட்டத்தின்படியும் சரியானது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15-ஆம் பிரிவில், விவரித்து விற்கப்படும் பொருள் அந்த விவரிப்போடு பொருந்த வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதாத நிபந்தனையாகவே கொள்கிறது. சென்னையில் கைபேசியே இல்லாத காலத்துச் சட்டம் என்றாலும், படத்தையும் நான்கு சொற்களையும் நம்பிப் பணம் அனுப்பும் இன்றைய விற்பனைக்கு இதைவிடப் பொருந்தும் விதி இல்லை. "எம்.எஸ். ப்ளூ" என்று எழுதி அனுப்பியிருந்தால் அது விளம்பரச் சொல்லாக நின்றிருக்காது, வாக்காகியிருக்கும்.

ஆடி 9, வெள்ளி

ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் உண்டு. ஆகவே பட்டு கேட்பவர்கள் இப்போதே வரத் தொடங்கிவிட்டனர். "ஒரிஜினலா?" என்பதே அவர்களின் கேள்வி. இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன என்பதைப் பெரும்பாலான வாங்குபவர்களும், வருந்தத்தக்க வகையில் விற்பவர்கள் பலரும் அறிவதில்லை.

நூல் பட்டுதானா என்பது முதலாவது. இதற்கு மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த சில்க் மார்க் உண்டு. கைத்தறியில் நெய்ததா, விசைத்தறியிலா என்பது இரண்டாவது. அதைச் சொல்வது 2006-இல் வந்த கைத்தறி முத்திரை. காஞ்சிபுரத்து மரபில் நெய்ததா என்பது மூன்றாவது. அது புவிசார் குறியீட்டின் எல்லைக்குள் வருவது. ஜரிகை வெள்ளியும் தங்கமும் சேர்ந்ததா, ஹாஃப் ஃபைனா, டெஸ்டட் எனப்படும் போலி ஜரிகையா என்பது நான்காவது. சில்க் மார்க்கும் கைத்தறி முத்திரையும் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சில்க் மார்க் ஒட்டிய புடவை விசைத்தறியில் ஓடியதாகவும் இருக்கலாம், அதன் ஜரிகை டெஸ்டட் ஆகவும் இருக்கலாம். அப்போதும் அந்த முத்திரை பொய் சொன்னதாகாது. ஒன்றுக்கான சான்றை நான்குக்கும் விடையாகக் காட்டும் விற்பனையாளரே பொய் சொல்கிறார்.

ஒருவர், நூலைக் கொளுத்தி வீடியோ அனுப்பச் சொன்னார். தூய பட்டு நூல் எரிந்தால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையோ உருகிக் கட்டியாகும். வாடையை வீடியோ காட்டாது என்று சொல்லி மறுத்திருக்கலாம். அப்பெண்மணி ஓரத்தில் தொங்கிய இரண்டு இழைகளைக் கத்தரித்து, ஊதுவத்தித் தீயில் காட்டி, சாம்பலைத் தேய்த்துக் காட்டினார். கோர்வையா, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டித் தறியிலேயே இணைத்ததா என்ற அடுத்த கேள்விக்கு, "இல்லைங்க, இது கோர்வை இல்ல, அதனாலதான் இந்த விலை" என்று எழுதினார். அந்தப் புடவை இன்று மாலையே விற்றது.

ஆடி 13, செவ்வாய்

அடுத்த பிளாக்கில் வீடு காலி செய்வோர் தம் வாஷிங் மெஷினை விற்றுத் தரும்படி இவரிடம் ஒப்படைத்திருக்கின்றனர். எத்தனை வருஷம் ஆச்சு, பில் இருக்கா என்பவற்றுக்கு அடுத்து வந்த கேள்வி, "வீடு எந்த மாடி?" என்பது. தூக்கி இறக்கும் கூலிக்காகவும் அதைக் கேட்பதுண்டு. ஆனால் அடையாறு ஆற்றங்கரையில் அமைந்த இப்பகுதியில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊர் மறக்கவில்லை, தண்ணீரில் நின்ற மோட்டாரை யாரும் வாங்க விரும்புவதில்லை. "மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை, டிரையர் ஓடும்போது சத்தம் வரும்" என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதியது நன்று.

குறையை முந்திச் சொல்வதற்கு இத்தொழிலின் தொடக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1995-இல் பியர் ஒமிடியார் தொடங்கிய தளம், பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்றது, முதலில் விற்றது உடைந்த லேசர் சுட்டுக்கருவி ஒன்றை, விலை 14.83 டாலர். அது வேலை செய்யாது என்பது தெரியுமா என்று ஒமிடியாரே வாங்கியவரைக் கேட்டதாகவும், உடைந்தவற்றைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று அவர் பதில் தந்ததாகவும் அந்நிறுவன வரலாறு கூறும்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு நாள். வாஷிங் மெஷினுக்கு ஒரு செய்தி: தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், மாற்றலாகி வந்திருப்பதாகவும், பொருளைப் பார்க்கத் தேவையில்லை என்றும், சொன்ன விலையை இப்போதே அனுப்புவதாகவும் ஒருவர் எழுதி, ஒரு கியூஆர் குறியீட்டையும் அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடுமாம்.

பணம் பெறுவதற்குப் பின் எண் எப்போதும் தேவையில்லை. பின் எண் போட்டால் பணம் போகும், வராது. காவல்துறை பலமுறை எச்சரித்த மோசடி இது. கவனிக்க வேண்டியது, அந்த மனிதர் எதையுமே கேட்கவில்லை என்பது. மாடி கேட்கவில்லை, சத்தம் கேட்கவில்லை, விலையைக் குறைக்கவும் சொல்லவில்லை. பதினெட்டு நாள் கேள்விகளில் தலைவலி கண்டிருந்த பெண்மணிக்கு, கேள்வி கேட்காத வாங்குபவரே அச்சமூட்டினார். எண்ணைத் தடைசெய்தார். ஏமாந்துவிட்டவர்கள் காலம் கடத்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஆடி 22, வியாழன்

ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாள். 1905-இல் இதே தேதியில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைவுகூரும் இந்நாளின் முதல் விழா 2015-இல் சென்னையில்தான் நடந்தது. கைத்தறிப் புடவையில் அங்கங்கே நூல் முடிச்சும் இழைத் தடிப்பும் இருக்கும். கையால் நெய்ததன் அடையாளம் அது. இன்று ஒருவர் அதையே குறையென்று சொல்லிப் புடவையைத் திருப்பி அனுப்பக் கேட்டார்.

பார்சல் ஓப்பனிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் இல்லை என்பது இணையத்தில் விற்கும் சிறு விற்பனையாளர்கள் பலரும் எழுதும் நிபந்தனை. பொய்ப் புகாரிலிருந்து அது காக்கிறது என்பது உண்மை. ஆயினும் மேலே சொன்ன 2020 விதிகள், பொருள் குறையுள்ளதாகவோ சொன்ன தன்மைக்கு மாறாகவோ இருந்தால் திரும்பப் பெற மறுக்கலாகாது என்கின்றன. வீடியோ இல்லை என்ற ஒன்றையே காட்டிக் கிழிந்த புடவையைத் தலையில் கட்டுவது முறையாகாது. முடிச்சைப் பற்றி முன்கூட்டியே எழுதாதது தம் பிழை என்று ஒப்புக்கொண்டு, அப்பெண்மணி புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்று முதல் ஒவ்வொரு கைத்தறிப் படத்தின் கீழும் அந்த வரி சேர்கிறது.

ஆடி 27, செவ்வாய்

அலமாரியின் கீழ்த்தட்டில் பெயரெழுதிய சீட்டுகளோடு ஆறு புடவைகள் இருக்கின்றன. "எடுத்து வைங்க சிஸ், நாளைக்குச் சொல்றேன்" என்று கேட்டவர்களுக்காக ஒதுக்கியவை. அவற்றில் நான்கு, ஒரு வாரத்துக்கு மேலாக அங்கேயே கிடக்கின்றன. அவற்றை வேறு மூவர் கேட்டு, கிடைக்காமல் போய்விட்டனர். இதைப் படிப்பவர்கள் வாங்கும் முன் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாங்கப் போவதில்லை என்று முடிவானால் மட்டும் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லை அன்றே அனுப்பிவிடுங்கள்.